இரண்டு மணி நேரம் தாமதம்

விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயிலுக்காகக் காத்திருப்பது புண்ணியமா, பாவமா என்று சாஸ்திரங்களில் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை. சென்ற ஐப்பசியில் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. சென்னையிலிருந்து என் மருமான் வருகிறான். வடக்கே எங்கோ பலத்த மழை; வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கி மூன்று பாஷைகளில் அறிவித்தது.

மருமான், முதுகில் ஒரு பெரிய மூட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு வாரம் இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் மோஸ்தர். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏறி எங்கே இறங்குவது என்று நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டிருந்தான். கடைசி நாளன்று மலைப் பாதையில் ரயில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டது. திருச்சி விமானம் அவனை விட்டுவிட்டுப் பறந்தது. அடுத்த நாள் சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறான். "மாமா, என் பிளான் பூரா நாசம்!" என்று டெலிபோனில் அழாத குறை.

"மலைநாட்டிலே ரயில் ஐந்து மணி நேரம் நின்றால் என்னடா? தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே" என்று சமாதானம் சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன்.

"கோச்சி நின்னு போச்சா, தம்பி?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

அதே பெஞ்சியில், தலையில் மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர். கோச்சி என்றால் ரயில். இலங்கை மலையகத்துத் தமிழர்களின் வார்த்தை அது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். அவரும் அதே வண்டிக்குத்தான் காத்திருந்தார்.

"எங்க அக்கா வருது. சென்னையிலே ஒரு கல்யாணத்துக்கு வந்துச்சு. பெருமாளைக் கும்பிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்னு சொல்லிருச்சு."

"பார்த்து நாளாயிற்றோ?"

"எழுபத்திரண்டிலே பார்த்தது."

வண்டி வர நேரம் இருக்கிறது. அதற்குள் வாசகர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன்.

முன்னெல்லாம் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு 'போட் மெயில்' வந்தது. மாலையில் எழும்பூரில் ஏறினால், திருச்சியைத் தாண்டி, மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. அங்கே கப்பல். சுமார் இருபத்திரண்டு மைல் கடல். தலைமன்னாரில் மறுபடி ரயில். விடிந்தால் கொழும்பு கோட்டை. இவ்வளவுக்கும் ஒரே டிக்கெட்! என் பாட்டனார் ஒரு தடவை அப்படிப் போனார். வழியில் வண்டி அரை நாள் தாமதம். தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து கட்டுச்சாத மூட்டையை அவிழ்த்ததை எண்பது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தாமதம் ஒரு கதை.

அதே ரயிலின் வேறு பெட்டிகளில் போனவர்களுக்கு அது வேறு விஷயம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் லேபர் கமிஷனின் தலைமை ஆபீஸ், 1904 முதல் நம் திருச்சியில்தான் இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரைச் சீமைக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர டிக்கெட்தான் அந்த ஜனங்களுக்குப் பாஸ்போர்ட். வழிச் செலவெல்லாம் அவர்கள் பேரில் கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனால், 'துண்டு' என்ற சீட்டில் எழுதி அந்தக் கடனும் கூடவே போகும். 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

என் பாட்டனார் போன்றவர்கள் ஸ்டேஷனில் இறங்கி நேரே கப்பலுக்குப் போனார்கள். கூலி ஜனங்களோ மண்டபத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. காலரா, அம்மை இல்லை என்று நிச்சயமாகும் வரையில் நாள் கணக்கில் அங்கே காவல். ரயில் வருமுன் போன தலைமுறை, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியாக நடந்தே போயிற்று. அவர்களில் வழியிலேயே மாண்டவர்கள் அநேகம்.

இப்படிப் போனவர்களின் பேரப் பிள்ளைகளை 1948-இல் இலங்கைச் சட்டம் பிரஜைகள் அல்ல என்று ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மொத்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. பிறகு, 1974-இல், அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களைக் கேட்டுச் செய்த பாகப்பிரிவினை அல்ல அது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை எட்டுகிற சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு அலையில் மறைந்தது. பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடி திரும்பவில்லை. கப்பல் ராமேசுவரத்திலிருந்து போக வர ஆரம்பித்தது. 'தாயகம் திரும்புவோர்' வந்தது அந்தக் கப்பலில்தான்.

"நானும் அப்படி வந்தவன்தான் தம்பி. பதினாலு வயசு" என்றார் பெரியவர். "அப்பா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாரு. அக்காவைக் கட்டினவரு இலங்கைன்னு எழுதிக் குடுத்தாரு. எங்க கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. ஒவ்வொரு ஸ்டேஷன்லேயும் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு ஜனங்க அழுதுக்கிட்டே கூட ஓடி வரும். அக்காவும் ஓடி வந்துச்சு."

சற்று நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமன்னார்லே கடல் சரியில்லே. ரெண்டு நாளு கப்பல் வரலே. எல்லாரும் திட்டினாங்க. எங்கம்மா மட்டும் அந்த ரெண்டு நாளும் சந்தோஷமா இருந்துச்சு. கப்பல் வராமலே போயிட்டா வீட்டுக்குத் திரும்பிப் போயிரலாம்னு அதுக்கு ஒரு நெனைப்பு. மூணாம் நாள் கப்பல் வந்திருச்சு."

நான் எத்தனையோ ரயிலுக்குக் காத்திருக்கிறேன். வண்டி வரக்கூடாது என்று காத்திருந்தவர்களைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"அப்புறம் போய்ப் பார்க்கவே இல்லையா?"

"முதல்லே பணம் இல்லே. அப்புறம் கப்பல் இல்லே. அப்புறம் சண்டை. சண்டை முடிஞ்சப்போ ரெண்டு பேருக்கும் வயசாகிப் போச்சு."

கப்பல் நின்றது 1984-இல். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த குடும்பங்கள், அந்தப் பாஸ்போர்ட்டோடு தோட்டத்து லயங்களிலேயே தங்கிப்போயின. அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க இலங்கைப் பார்லிமெண்டு சட்டம் செய்தது 2003-இல். 1948-இலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பத்தைந்து வருஷத் தாமதம். அதை அறிவிக்க எந்த ஸ்டேஷனிலும் ஒலிபெருக்கி இல்லை.

நன்றாக விடிந்துவிட்டது. ராஜகோபுரத்தின் மேல் வெயில் விழுந்த சமயத்தில் வண்டி வந்தது. மருமான் மூட்டையோடு குதித்தான்.

"இரண்டு மணி நேரம் லேட் மாமா! அங்கே ஐந்து, இங்கே இரண்டு..."

"இருடா" என்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இரண்டு பெட்டி தள்ளி, பெரியவர் ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார். நரைத்த தலையும் கையில் ஒரு துணிப் பையுமாக ஒரு கிழவி இறங்கி நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் போய்விட்டு, நின்று, திரும்பி வந்தார். அவள் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். கிழவி பையைக் கீழே வைத்துவிட்டு, மப்ளரை விலக்கி அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யார் மாமா அவர்கள்?" என்று மருமான் கேட்டான்.

"காபி சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன், வா. அவசரம் ஒன்றுமில்லை" என்றேன்.