‘ஜவ்வு விலகல்’ என்னும் சொல்லும் இடுப்பு ஸ்கேன் அறிக்கையும்: பாகூர், வில்லியனூர் கொம்யூன்களை முன்வைத்து

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் கொம்யூனில் நடவும் களையெடுப்பும், சுடுமண் கலைக்குப் பெயர்பெற்ற வில்லியனூரில் மண் பிசைதலும் வனைதலும் நெடுநேரம் குனிந்து செய்யும் வேலைகளாதலால், இடுப்பு வலி அங்கு உழைப்போடு ஒட்டிய துன்பமாக உள்ளது. வலி நீடித்து எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. அறிக்கை, பேச்சு வழக்கில் ‘ஜவ்வு விலகிவிட்டது’, ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்னும் இரு தொடர்களாகச் சுருங்குகிறது. இவ்விரு தொடர்களும் உடலமைப்பைப் பிழையாகக் காட்டி, அச்சத்தையும் தேவையற்ற மருத்துவத்தையும் வளர்க்கின்றன என்பதும், அறிக்கையைத் தமிழில் சரியாக விளக்குவதே மருத்துவத்தின் முதற்படி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இடுப்புப் பகுதியில் எல்1 முதல் எல்5 வரை ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. எல்5-க்குக் கீழே எஸ்1 எனத் தொடங்கும் திருவெலும்பு அமைந்துள்ளது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, அதாவது பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ எனப்படும் டிஸ்க், வெளியே நார்வளையமும் நடுவே கூழ்மமும் கொண்டது; மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் அது இடம் பெயர்ந்து நழுவுவதில்லை. வட்டின் விளிம்பு பரவலாகப் பிதுங்கினால் அறிக்கை அதனை ‘பல்ஜ்’ என்றும், ஓரிடத்தில் புடைத்தால் ‘புரோட்ரூஷன்’ என்றும், கூழ்மம் வளையத்தைக் கிழித்து வெளிவந்தால் ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றும் குறிக்கிறது. ‘விலகியது’ என்று கேட்டவர் அதனை யாரேனும் மீண்டும் தள்ளி வைக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் தள்ளி வைக்கத்தக்க பொருள் எதுவும் அங்கு இல்லை.

‘தேய்மானம்’ என்பதும் இத்தகையதே. வலியே இல்லாத 3,110 பேரை உள்ளடக்கிய 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்து நோக்கியபோது, வட்டுச் சிதைவு 20 வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஆகவே அறிக்கையிலுள்ள மாற்றங்களுள் பல, நரையைப் போல வயதின் அடையாளங்களேயன்றி, வலிக்குக் காரணம் என்று தாமாகவே நிறுவுவன அல்ல.

படத்திற்குப் பொருள் தருவது உடற்பரிசோதனை. எல்5 நரம்பு நெருக்கப்பட்டால் கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் வலு குறையும். எஸ்1 நரம்பாயின் குதிகாலை உயர்த்தி நிற்பது கடினமாகும். இக்குறிகளும் படமும் ஒரே நரம்பைச் சுட்டும்போதுதான் அறிக்கை சான்றாகிறது. ஆனால் சிறுநீர் அடைபடுதல், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், அந்தரங்கப் பகுதி மரத்தல், கால் வலு விரைந்து குறைதல் ஆகியவை தாமதமின்றி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலைகள். காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வலி ஆகியவை இருப்பின், இந்தியச் சூழலில் முதுகெலும்புக் காசநோயையும் ஐயுற வேண்டும்.

இத்தகைய குறிகள் இல்லாதோருக்கு முழுப் படுக்கை ஓய்வு பயனளிப்பதில்லை. இயன்ற அளவு நடமாட்டம், படிப்படியான உடற்பயிற்சி, மருத்துவர் தரும் குறுகிய கால வலிமருந்து, சுமையைப் பகிர்ந்து வேலைக்குத் திரும்புதல் ஆகியவையே முதன்மையானவை. நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பெல்ட் அணிவதையும் இழுவை மருத்துவத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை. காலுக்கு இறங்கும் கடும் சயாட்டிகா வலியில் அறுவைச் சிகிச்சை விரைவான நிவாரணம் தருகிறது. எனினும் 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டோர், காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டோர் ஆகிய இரு பிரிவிலும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். வெளித்தள்ளிய கூழ்மத்தை உடலே பல வேளைகளில் கரைத்துவிடுவது இதற்கு ஒரு காரணம்.

விளக்கம் தேவையற்ற மருத்துவத்தைக் குறைக்குமா என்னும் வினா நியாயமானது. அமெரிக்காவில் சுமார் 2.5 லட்சம் நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வலியற்றோரிடமும் இம்மாற்றங்கள் உண்டு என்னும் குறிப்பை அறிக்கையில் அச்சிட்டதனால் மட்டும் முதுகு தொடர்பான மருத்துவப் பயன்பாடு குறையவில்லை. தாளில் சேர்த்த வரி போதாது என்பதையே இது காட்டுகிறது. சொல் நோயாளியைச் சென்றடைய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிக்கையைக் கையில் பிடித்திருக்கும் நடவுப் பெண்ணிடம், ‘வட்டு விலகவில்லை; சற்றுப் பிதுங்கியிருக்கிறது; உங்கள் கால் வலுவாக இருக்கிறது; நடக்கலாம்’ என்று, அவர் காலைச் சோதித்த பின் அவர் மொழியில் சொல்வதற்குக் கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை.