கட்டையும் கமகமும்

ஆர்.எஸ்.புரத்தில் பாட்டு வகுப்பு நடக்கிற வீட்டைக் கடந்து போனால் 'ஐந்தரைக் கட்டை' என்ற பேச்சு காதில் விழும். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. கர்நாடக சங்கீதத்தின் சுருதியை அளக்க நாம் பழகிவிட்ட சொல் மேலைக் கருவி ஒன்றிலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் கோயில் ஆர்கன் வாசிப்பவன் வெறும் பக்கவாத்தியக்காரன் அல்ல. சபை எப்படிப் பாட வேண்டும் என்பதை நிர்ணயிப்பவன். 1644இல் பியூரிட்டன்களின் பாராளுமன்றம் ஆர்கன்களை அகற்ற உத்தரவிட்டது. 1660இல் மன்னராட்சியோடு அவையும் திரும்பின. தாமஸ் ஹார்டி 1872இல் எழுதிய 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' இதன் மறுபக்கம். தலைமுறைகளாகக் கோயிலில் பிடில் வாசித்த கிராமத்தார் விலக்கப்படுகிறார்கள். ஆர்கன் முன் பள்ளி ஆசிரியை உட்காருகிறாள். ஹார்டியின் தந்தையும் பாட்டனாரும் அப்படி வாசித்தவர்களே.

இங்கே இந்த மோதல் ஆர்கன் இல்லாமலே நடந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1829 வாக்கில் புதிய மிஷனரிகளை எதிர்த்தார். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையை விலக்கியது அவர் சொன்ன கொடுமைகளில் ஒன்று. சாதி பாராமல் நற்கருணையில் எல்லோரையும் கலக்கச் செய்ததும் அதே பட்டியலில் இருக்கிறது. கீர்த்தனையை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பண்பாட்டுக் காவலர் ஆக்குவது சௌகரியம், விமர்சனம் ஆகாது. கீர்த்தனை பிழைத்துக்கொண்டது. தமிழ்ச் சபைகளில் இன்றும் பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே பாடப்படுகின்றன.

காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தைக் கையால் ஊதும் பெட்டியாகக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875 வாக்கில் மாற்றினார். பெட்டி நம் நாடக மேடைக்கும் வந்தது. நிலைத்த சுரங்களால் கமகத்தைத் தொட முடியாது என்று எதிர்ப்பு எழுந்தது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. கமகம் பற்றிய வாதம் இசையளவில் சரியே. ஆனால் பெட்டிக்காரனின் பிழைப்பு அந்த வாதத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஹார்டியின் பிடில்காரர்களை எந்திரம் வெளியேற்றியது. இவனை எந்திரத்தின் மீதான வெறுப்பு வெளியேற்றியது.

மரபின் தூய்மை பேசுகிறவரிடம் பட்டியலின் மீதியையும் வாசிக்கச் சொல்ல வேண்டும்.