கே. ஏ. குணசேகரன்

கே. ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புறப் பாடகர், நாடக ஆசிரியர், ஆய்வாளர். தலித் மக்களின் உரிமைக் குரலைத் தமிழ் மேடையில் ஓங்கி ஒலிக்கச் செய்தவர்களில் முதன்மையானவர்.

சிவகங்கை மாவட்டம் இளையான்குடியை அடுத்த மாறந்தையில் பிறந்தார். இளையான்குடியில் இசுலாமியர் நடுவே வளர்ந்த சிறுவனுக்குச் சாதியின் கடுமை அவ்வளவாகத் தெரியவில்லை. சுற்றுவட்டார ஊர்களுக்குப் போனபோதுதான் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரக் கூடாது என்பதெல்லாம் புரிந்தது. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேகரித்து ஆராய்ந்த அவர், அவற்றை ஏட்டோடு விட்டுவிடவில்லை. தன்னானே கலைக்குழுவுடன் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்.

அவர் பெயரை நாடறியச் செய்தது கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல். தலித் மக்கள் மீதான வன்கொடுமைகளுக்கு எதிராக எழுதப்பட்ட அந்தப் பாட்டை, பறை முழங்க, தொண்டை நரம்பு புடைக்க அவர் பாடும்போது கூட்டம் சேர்ந்து பாடியது. இழவு வீட்டுக்கும் ஏவலுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்ட பறை, அந்த மேடைகளில் மரியாதையோடு நின்றது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் தம் அரசியல் கருத்துகளை வெளிப்படையாகப் பேசியதற்காக 1950 முதல் 8 ஆண்டுகள் கடவுச்சீட்டு இல்லாமல் முடக்கப்பட்டார். கலைஞனின் குரலுக்கு அதிகாரம் எவ்வளவு தூரம் அஞ்சும் என்பதற்கு அது சான்று. குணசேகரனும் அந்த மரபில் வந்தவரே.

‘பலி ஆடுகள்’ தமிழின் தொடக்ககாலத் தலித் நாடகங்களில் முக்கியமானது. பலிக்கு ஆள் தேடும் கை மேல்சாதியைத் தொடாமல் தலித்திடம் வருகிறது. அவனும் தன் மனைவியைக் கைகாட்டுகிறான். தன் மக்களிடையே உள்ள ஆண் ஆதிக்கத்தையும் மூடிமறைக்காத இந்த நேர்மையே நாடகத்தின் பெருஞ்சிறப்பு.

2005-இல் தன்வரலாறான ‘வடு’ வெளிவந்தது. தமிழில் தலித் ஒருவர் வெளிப்படையாகத் தன்வரலாறு என்றே எழுதிய முதல் நூல் இதுவெனப் பலர் கருதுகின்றனர். அதனோடு சேர்த்துப் படிக்கத்தக்க இன்னொரு நூலும் உண்டு. 2 ஆண்டுகள் கழித்து, பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. கங்காணிகள் ஆசை காட்டி அழைத்துப்போன ஏழைத் தலித் குடும்பங்கள் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்கும் அட்டைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே மடிந்த கதை அது. டேனியல் தோட்ட மருத்துவராக இருந்து கண்டதை எழுதினார். குணசேகரன் தான் பட்டதை எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாசகருக்கு, ஊரில் தொடங்கிய ஒடுக்குமுறை மலையேறியும் விடவில்லை என்பது விளங்கும்.

புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். ‘சேரிப்புறவியல்’, ‘தலித் அரங்கியல்’ ஆகியவை குறிப்பிடத்தக்க ஆய்வு நூல்கள்.

2016 ஜனவரி 17 அன்று காலமானார். அதே மாதம் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில், உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னும், தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல வழிவிடவில்லை. அதை ஒத்த கதையை அம்ஷன் குமார் 2017-இல் படமாக எடுத்தபோது, ‘மனுசங்கடா’ என்றே பெயரிட்டார்.