மேல்சித்தாமூர் - செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சமணத் தலைமையிடம்

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்குவும் கோட்டையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 2025-ல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் கொஞ்ச தூரம் கிழக்கே, திண்டிவனம் பக்கமாகப் போனால் வரும் மேல்சித்தாமூரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்கேதான் இருக்கிறது.

பாறைக் குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த பூமி இது. பாறை கிடைத்த இடத்தில் எல்லாம் சமணர்கள் சிற்பம் செதுக்கினார்கள். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள். சித்தாமூர் மல்லிநாதர் கோயில் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர் முதலானோர்.

இனி கதைக்கு வருவோம். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கர் சமணர்களிடம் பெண் கேட்டாராம். ஒருவர் சம்மதிப்பது போல நடிக்க, மாப்பிள்ளை வந்து பார்த்தால் ஆளில்லாத வீட்டில் ஒரு பெண் நாய் மட்டும் கட்டியிருந்ததாம்! ஆத்திரத்தில் சமணர்களின் தலையை வெட்ட உத்தரவு போட்டார். சிலர் செத்தார்கள், சிலர் ஓடினார்கள், பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிக்கொண்டார்கள். 'நீர்பூசி வெள்ளாளர்' என்ற பெயர் அப்படி வந்ததுதானாம்.

உடையார்பாளையத்தில் தஞ்சம் புகுந்த தாயனூர் கங்கய்ய உடையார், பிறகு சிரவணபெளகொளாவுக்குப் போய், அங்கே துறவியாகிப் படித்துக்கொண்டிருந்த வீரசேனாச்சாரியாரை அழைத்து வந்தார். இருவரும் ஊர் ஊராகப் போய், மாறியவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இது நடந்ததாகச் சொல்லும் வருடம் 1478. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியதோ 16-ம் நூற்றாண்டில்! கணக்கு இடிக்கிறது. நாய்க் கதையும் வேறு பல ஊர்களில் வேறு பெயர்களோடு சொல்லப்படுவதுதான். அதற்காக மொத்தத்தையும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1906-ல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர் இந்தக் கதையோடு இன்னொன்றையும் பதிவு செய்கிறது. விசேஷங்களில் முதல் வெற்றிலை பாக்கு தாயனூர் உடையார் குடும்பத்துக்குத்தான். சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு. ஆம், தேர்தல்தான்! விழுக்கம், வீரணாமூர், பெருமண்டூர், ஆலகிராமம் என்று முக்கியமான சமண ஊர்களின் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள், பங்குதாரர்கள் டைரக்டரைத் தேர்ந்தெடுப்பது போல. அப்படி வந்தவர் பல்லக்கில் ஊர் ஊராகப் போய் வழக்குத் தீர்ப்பார், காணிக்கை வாங்குவார், தேவைப்பட்டால் சாதியை விட்டே தள்ளி வைப்பார்.

2011 கணக்கெடுப்பில் தமிழகச் சமணர்கள் 89,265 பேர். சென்னையில் குடியேறிய வடநாட்டுச் சமணர்களையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. மூதாதையர் காலத்திலிருந்து தமிழே பேசும் நயினார் குடும்பங்கள் அதில் ஒரு பகுதிதான்.