யாழ்ப்பாண நிலக்கணக்கில் முக்கோணி

வரைபுத்தாளில் ஒரு முக்கோணியை வரைந்து அதன் அடியையும் செங்குத்துயரத்தையும் காணுமாறு கேட்டால், பாடசாலை மாணவனும் கட்டங்களை எண்ணி விடை கூறிவிடுவான். தாளிலே கோடுகள் முன்னரே நேராகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் அமைந்துள்ளன. நிலத்திலோ அத்தகைய கோடுகள் இல்லை; வேலியும் வரம்புமே கண்ணுக்குப் புலனாவன. முக்கோணியின் பக்கங்கள் எல்லையிலே கிடக்கின்றன. உயரத்தை மட்டும் மனிதன் தன் அறிவினால் எழுப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. இச்சிறு வேறுபாடு நிலத்தையே வாழ்வாகக் கொண்ட ஒரு சமுதாயத்துக்கு எத்துணை முக்கியமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் பெரும்பாலும் சிறு துண்டுகளாகவே கைமாறி வந்துள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, மகளுக்குச் சீதனமாக நிலம் வழங்கும் வழக்கத்தைப் பதிவுசெய்தது. தலைமுறைதோறும் காணி பங்கிடப்படும்போது சதுரமாக அமையாத துண்டுகளும் தோன்றுதல் இயல்பே. அவற்றை அளக்கும் அலகுகள் பரப்பும் குழியும் ஆகும். 18 குழி கொண்டது ஒரு வரகுப் பரப்பு. 12 குழி கொண்டது ஒரு நெற்பரப்பு. ஓர் ஏக்கர் 16 வரகுப் பரப்பு அல்லது 24 நெற்பரப்பு ஆகும். ஆகவே ஒரு குழி ஏறத்தாழ 151 சதுர அடி. இவ்வளவு நுண்ணிய அலகினைக் கையாண்ட மக்களுக்கு ஒரு குழியும் பொருட்படுத்தத்தக்கதே.

இனி, ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். பக்கங்கள் 13, 14, 15 அலகுகளாக உள்ள ஒரு முக்கோணக் காணியைக் கருதுவோம். ஒவ்வோர் அலகுச் சதுரமும் ஒரு குழி எனக் கொள்வோம். அளவுகயிறு மட்டும் கையிலுள்ளவன் வேலிகளின் நீளத்தையே அறிவான். கி.பி. 628 இல் பிரமகுப்தர் இயற்றிய பிரமஸ்புட சித்தாந்தம் அத்தகையோனுக்குப் பருமட்டான ஒரு முறையைத் தருகின்றது. அதன்படி ஒரு பக்கத்தின் பாதியை ஏனைய இரண்டின் கூட்டுத்தொகையின் பாதியாற் பெருக்க வேண்டும். 7 ஐ 14 ஆற் பெருக்க 98 குழி கிடைக்கும். ஆனால் உண்மைப் பரப்பு 84 குழியே. மிகைப்பட்ட 14 குழி ஒரு நெற்பரப்பினும் பெரிது. அன்றியும், சாய்ந்த பக்கம் செங்குத்துயரத்திலும் குறைய இயலாதாதலின், இம்முறை ஒருபோதும் குறைத்துக் காட்டாது, கூட்டியே காட்டும். இவ்வாறு அளந்து பங்கிடின், முக்கோணத் துண்டைப் பெறுபவரே என்றும் நட்டமடைவார். பிரமகுப்தர் இதனைப் பருமட்டானது என்றே குறித்து, நுண்ணிய முறையையும் உடன் தந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அடியின் பாதியைச் செங்குத்துயரத்தாற் பெருக்க வேண்டும் என்பதை கி.பி. 499 அளவில் ஆரியபடர் கூறியிருந்தார். காணியினுட் பயிர் நிற்கையில் அவ்வுயரத்தைக் காண்பது எங்ஙனம்? 1150 இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி இதே 13, 14, 15 பக்கங்களைக் கொண்டே விடை தருகின்றது. 14 ஐ அடியாகக் கொண்டால் உயரம் அதனை 5, 9 என இரு கூறாக்கும். 13 இன் வர்க்கமாகிய 169 இலிருந்து 5 இன் வர்க்கமாகிய 25 ஐக் கழிக்க 144. அதன் வர்க்கமூலமாகிய 12 உயரமாகும். காணிக்குள் இறங்காமலே உயரம் கிடைத்துவிடுகின்றது. 15 ஐ அடியாகக் கொள்ளின் உயரம் 11.2 ஆகும், பரப்பு அப்போதும் 84 குழியே. எப்பக்கமும் அடியாகலாம்; ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அதற்குரிய உயரமே பொருந்தும்.

5, 9 என்னும் கூறுகள் எவ்வாறு பிறந்தன என்னும் வினாவே எம்மை வட்டுக்கோட்டைக்கு இட்டுச் செல்கின்றது. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கு நிறுவிய செமினறியில் கேத்திரகணிதமும் திரிகோணகணிதமும் கற்பிக்கப்பட்டன. அதன் மாணவரும் ஆசிரியருமாகிய கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே செமினறி மூடப்பட்டது. வீசகணிதம் அறிந்தவன் ஒரு கூற்றை x எனவும் மற்றதை 14 − x எனவும் கொண்டு, உயரத்தின் வர்க்கத்தை இருபுறமும் சமப்படுத்தி, x = 5 எனத் தானே பெறுவான். மனனஞ்செய்த சூத்திரம் இவ்வாறு விளங்கிக்கொண்ட அறிவாக மாறுகின்றது. அவ்வறிவு தாய்மொழியிற் கிடைத்தமையே விசுவநாதபிள்ளையின் நூலுக்குள்ள வரலாற்றுச் சிறப்பாகும்.

1800 இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தின் வழியாக வந்த அளவையாளரும் இவ்வுண்மையையே கையாண்டனர். 66 அடிச் சங்கிலியால் ஒரு நேர்கோட்டை அடியாக இட்டு, அதிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்தாக அளந்தால், நிலமே வரைபுத்தாளாகிவிடுகின்றது.

இன்று நுண்கருவிகள் நொடிப்பொழுதில் பரப்பைக் கூறுகின்றன. ஆயினும் உறுதியில் எழுதப்பட்டிருப்பது 84 குழியா, 98 குழியா என்பதைச் சரிபார்க்க வேண்டியவர் காணிக்கு உரியவரே. வேலியின் நீளம் உயரமன்று என்னும் தெளிவு அவருக்கு இருத்தல் வேண்டும். பாடசாலையிற் கட்டங்களை எண்ணிய பயிற்சியின் உண்மையான பயன் அதுவேயாகும்.