புறக்கணிப்பு காத்த கட்டிடம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் முதல் நிறுத்தம் இராயபுரம். அங்கே உயர்ந்த தூண்களுடன் நிற்கும் கட்டிடத்தைப் பலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இந்தியாவில் இன்று எஞ்சியுள்ள புகைவண்டி நிலையக் கட்டிடங்களில் மிகப் பழமையானது அதுவே ஆகும்.

நம் நாட்டின் முதல் பயணி வண்டி 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. ஆயினும் அவ்வூர்களின் அக்கால நிலையக் கட்டிடங்கள் இன்று இல்லை. இராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-இல் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கி.மீ. தூரம், பயணி வண்டிகள் ஓடின.

முந்தியவை மறைய, இது மட்டும் தப்பியது எப்படி? 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1907-இல் அதுவே நகரின் முதன்மை நிலையமாயிற்று. கூட்டம் குறைந்த இராயபுரத்தை இடித்துப் பெரிதாக்கும் தேவை எழவில்லை. புறக்கணிப்பே அதைக் காத்தது எனலாம்!

ஆனால் அதே புறக்கணிப்பு கட்டிடத்தை அரிக்கவும் செய்யும். கடற்காற்றின் உப்பு ஈரத்துடன் சேர்ந்து செங்கல்லின் நுண்துளைகளில் புகுகிறது. ஈரம் உலர்ந்ததும் உப்பு படிகமாகி வளர்கிறது. அதன் அழுத்தத்தால் செங்கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது. சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை வெளியேற விடும். எனவே, பழுது பார்ப்பதற்கும் பொருளறிவு வேண்டும்.

நல்லவேளையாக, 2005-இல் இந்நிலையம் புதுப்பிக்கப்பட்டது. எல்லாக் கட்டிடங்களுக்கும் இந்த வாய்ப்பு கிட்டுவதில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு சிறு தீவிலுள்ள எய்லியன் டோனன் கோட்டை 1719-இல் போர்க்கப்பல்களால் தகர்க்கப்பட்டு, இருநூறு ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்தது. 1932-இல் மறுகட்டுமானம் முடிந்தது. இன்று அதைக் காணத் திரளுவோர் பார்ப்பது பெரிதும் இருபதாம் நூற்றாண்டுச் சுவர்களையே! இராயபுரத்திலோ 1856-இன் கட்டிடமே நம் எதிரில் நிற்கிறது.

இராயபுரத்தில் மீண்டும் ஒரு பெரிய இரயில் முனையம் வேண்டும் என்பது வடசென்னை மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானதே. புதிய நடைமேடைகளை எப்போதும் கட்டிக்கொள்ளலாம். இடித்த பழமையைக் கட்ட முடியாது. இரண்டுக்கும் அங்கே இடம் தேடுவதே அறிவுடைமை.

அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள்.