கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது

பள்ளி விடுமுறை வந்தால் கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்கா, சதுப்புநிலம், பண்ணைகள் எனப் பல குழுக்கள் கிளம்பிவிடும். சமூக மன்றக் குழுக்களும் கோயில் இளையர்களும் போவதுண்டு. கிராஞ்சி பொழுதுபோக்கு நிலையத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு விளையாட்டு நடத்தும் தொண்டூழியர்களும் உண்டு. ஏற்பாட்டாளர் பலர் முதலில் தயார்செய்வது, ‘அசம்பாவிதம் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தைத்தான்.

தொழிலாக நடவடிக்கை நடத்துவோருக்கு அந்த வரி பெரிதாக உதவாது. தங்கள் கவனக்குறைவால் மரணமோ காயமோ நேர்ந்தால், அதற்கான பொறுப்பை ஒப்பந்தம் போட்டுத் தட்டிக்கழிக்க முடியாது என்கிறது நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம். தொண்டூழியருக்கு இது அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனால் சம்பளம் வாங்கவில்லை என்பதால் மட்டும் கவனக் கடமை இல்லாமல் போகாது.

அந்தக் கடமை உண்டா என்பதை சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2007ஆம் ஆண்டின் ‘ஸ்பான்டெக்’ தீர்ப்பின் வழியில் பார்க்கின்றன. பாதிப்பை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா, இரு தரப்புக்கும் போதிய நெருக்கம் உண்டா என்பவை முக்கியக் கேள்விகள். பிள்ளைகளைத் தன் பொறுப்பில் அழைத்துச் செல்பவர் ‘இல்லை’ என்று சொல்வது கடினம். மரணம் நேர்ந்தால் குற்றவியல் வழக்கும் வரலாம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 304ஏ பிரிவில் கவனக்குறைவுக்கு 2 ஆண்டு வரையும், கண்மூடித்தனமான செயலுக்கு 5 ஆண்டு வரையும் சிறை விதிக்கலாம்.

2021 பிப்ரவரி 3ஆம் தேதி, ஈசூன் சாஃப்ராவில் உயரத்தில் நடந்த சாகசப் பயிற்சியின்போது 15 வயது மாணவர் ஒருவர் கால் இடறி, பாதுகாப்பு வாரில் தொங்கியபடி நினைவிழந்தார். மறுநாள் மருத்துவமனையில் உயிரிழந்தார். பள்ளிகளின் உயரம் சார்ந்த வெளிப்புற நடவடிக்கைகளை கல்வி அமைச்சு உடனே நிறுத்திவைத்தது.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச்சில் படகுப் பயணத்தில் 4 மாணவர்கள் மாண்டனர். பாதுகாப்பு போதவில்லை என்று முன்னாள் பயிற்றுவிப்பாளர் இருவர் முந்தைய ஆண்டே எழுதிக் கொடுத்திருந்தனர். 1994ல் நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானபோது, அந்தக் கடிதம் முக்கியச் சான்றாக இருந்தது. எச்சரிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது, அதை வாங்காமலே இருப்பதைவிட மோசம்.

கிராஞ்சியில் என்ன செய்யலாம்? மின்னலும் வெயிலும்தான் அங்கே அன்றாட ஆபத்து. ‘மைஇஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். 33 டிகிரியும் அதற்கு மேலும் ‘உயர்ந்த’ நிலை. சதுப்புநிலத்தில் ஒதுங்க இடம் எங்கே என்று முன்னதாகவே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. சுங்கை பூலோ பக்கம் முதலைகள் உண்டு. சிறுவர்களை நீரோரம் விடாதீர்கள். நியோ தியூ சாலைப் பக்கம் நின்றுகொண்டு 995ஐ அழைத்தால், எந்தச் சந்து, எந்த நுழைவாயில் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒருவரை வாசலில் நிறுத்தி வழிகாட்டச் சொல்லுங்கள்.

படிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஆஸ்துமா, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்க அது உதவும். காப்பீட்டில் தொண்டூழியர்களும் நீர் விளையாட்டுகளும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். யாராவது விழுந்து அடிபட்டால் நேரம், செய்த முதலுதவி, அருகில் இருந்தவர்கள் என அன்றே குறித்து வையுங்கள். உடற்காய வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. சிறாருக்கு அது நீளலாம்.